பாதி டிக்கெட் மைதானத்தில், மீதி உங்கள் மேஜையில்

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவருக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு ஸ்டேடியத்தில், இந்தியக் கிளப்கள் ஆடும் ஐ-லீக் போட்டியின் கடைசி நாள் ஆட்டம். சென்னை சிட்டி ஜெயித்தால் சாம்பியன். தவறினால், ஒரே ஒரு புள்ளி பின்னால் வந்துகொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலுக்குக் கோப்பை போய்விடலாம். (பெயரில் சென்னை, ஆடுவது கோவையில். எங்களுக்கு அதில் எந்த வருத்தமும் இருந்ததில்லை.) ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்தில் மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. கேலரியில் பேச்சே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பொரிப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முன்வரிசைப் பையன்கள் பாதிக் கண்ணை மைதானத்திலும் பாதிக் கண்ணை போனிலும் வைத்திருந்தார்கள். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலமும் ஆடிக்கொண்டிருந்தார்களே.

இரண்டாவது பாதியில் எங்கள் மான்சி பெனால்டியை உள்ளே தள்ளினார். அப்புறம் கௌரவ் போரா ஒன்று, கடைசி நிமிடத்தில் அவரே இன்னொன்று. 3–1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தும் பயனில்லை. 43 புள்ளிக்கு 42. பெரியவர் பொட்டலத்தை மறுபடி பிரித்து எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, ஆசியாவுக்குப் போறோம்ங்கறாங்களே, இனி நாம யாரோட ஆடோணும்? எங்க?"

எனக்குத் தெரியவில்லை. முன்வரிசைப் பையன்களுக்கும் தெரியவில்லை. ஒருத்தன் சாம்பியன்ஸ் லீக் என்றான், இன்னொருத்தன் ஏ.எஃப்.சி. கப் என்றான். (இரண்டும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பான ஏ.எஃப்.சி. நடத்திய கிளப் போட்டிகள், முதலாவது மேல்நிலை, மற்றது அதற்கு அடுத்தது.) பிறகு பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரிதான், இரண்டும் பாதிதான். அன்றிலிருந்து ஆசியப் போட்டிகளுக்கு நம் கிளப்கள் எப்படித் தகுதி பெறுகின்றன என்பதைத் துருவிப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. துருவியதில் தெரிந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். ஆசியாவுக்குப் போகும் டிக்கெட்டில் பாதியைத்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தில் வாங்குகிறார்கள். மீதிப் பாதி உங்கள் மேஜையில் இருக்கிறது. நம் கிளப்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பாதியில்தான்.

எங்கள் கோவைக் கதையையே முடித்துவிடுகிறேன். சாம்பியன் ஆனது மார்ச் 2019. ஆசியாவில் முதல் ஆட்டம் 2020 ஜனவரி 14. சாம்பியன்ஸ் லீக்கின் முதற்கட்டத் தகுதிச் சுற்று, எதிரில் பஹ்ரைனின் அல்-ரிஃபா. ஒரே ஆட்டம், தோற்றால் வெளியே. 0–1 என்று தோற்றார்கள். அந்த ஆட்டம் கோவையில் நடக்கவில்லை. தோற்ற அணி ஏ.எஃப்.சி. கப்பின் குரூப் சுற்றுக்கு இறங்கியது. மார்ச்சில் மாலத்தீவின் மசியாவோடு 2–2. அதோடு கொரோனா வந்தது, செப்டம்பரில் ஏ.எஃப்.சி. அந்த வருஷப் போட்டியையே ரத்து செய்தது. எங்கள் ஆசியப் பயணம் மொத்தம் இரண்டு ஆட்டம். கொரோனாவுக்கு உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் கோப்பையைத் தூக்கியதற்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில், ஐ-லீக் சாம்பியனுக்குச் சாம்பியன்ஸ் லீக் வாசல் இனிமேல் கிடையாது என்று முடிவாகிவிட்டது. 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் பேசி முடித்த அந்தத் திட்டப்படி இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) நாட்டின் முதல் நிலை லீக் ஆனது. அந்த வாசல் வழியாகக் கடைசியாகப் போனவர்கள் நாங்கள். போகும்போது எங்களுக்கே அது தெரியாது.

சென்னையின் இன்னொரு அணிக்கு நடந்தது இதைவிட விசித்திரம். 2015 டிசம்பரில் 'சென்னையின் எஃப்.சி.' என்ற அந்த அணி கோவாவில் போய், தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு, 3–2 என்று ஐ.எஸ்.எல். கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்தது. மென்டோசா கடைசி நேரத்தில் போட்ட கோலை இன்றைக்கும் நண்பர்கள் போனில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் கோப்பைக்கு ஆசியாவில் மதிப்பு பூஜ்யம். ஐ.எஸ்.எல். அப்போது ஏ.எஃப்.சி.யின் அங்கீகாரம் பெற்ற லீக்கே அல்ல. அங்கீகாரம் 2017-இல்தான் வந்தது. 2018 மார்ச்சில் மறுபடியும் சாம்பியன், பெங்களூரிலேயே பெங்களூரு எஃப்.சி.யை வீழ்த்தி, இதுவும் 3–2. இந்தத் தடவை ஏ.எஃப்.சி. கப்பில் இடம் கிடைத்தது.

இங்கே ஒரு உண்மையை நான் மறைக்கக் கூடாது. அந்த சீசனில் புள்ளிப் பட்டியலில் பெங்களூரு எடுத்தது 40, சென்னையின் எடுத்தது 32. லீக்கில் முதலிடம் பிடித்தவருக்கே ஆசிய இடம் என்று இரண்டு வருஷம் கழித்து வந்த விதி அன்றைக்கே இருந்திருந்தால், போயிருக்க வேண்டியது பெங்களூரு. அன்று விதி எங்கள் பக்கம் இருந்தது, நாங்கள் வாயைத் திறக்கவில்லை. முதலிடத்துக்கே இடம் என்ற புதிய விதிதான் நியாயம் என்று இன்று சொல்கிறேன். பதினெட்டு ஆட்டம் ஓடி உழைத்தவனைவிட ஒரு ராத்திரி நன்றாக ஆடியவனுக்கு மரியாதை அதிகம் என்பது கோப்பைக்குச் சரி, ஆசியாவுக்கு அனுப்பும் அணியைத் தேர்ந்தெடுக்க அது சரியான வழியல்ல.

சரி, தகுதி பெற்ற சென்னையின் ஆசியாவில் ஆடியது எப்போது? 2019 மார்ச்சில், முழுதாக ஒரு வருஷம் கழித்து. அதற்குள் 2018–19 லீக்கில் அவர்கள் கடைசி இடம். 18 ஆட்டத்தில் 9 புள்ளி. ஆசியாவுக்கு இந்தியா அனுப்பியது போன வருஷத்துச் சாம்பியனை. போய் இறங்கியது இந்த வருஷத்துக் கடைசி அணி. முதலில் கொழும்பு எஃப்.சி.யோடு பிளே-ஆஃப். கொழும்பில் 0–0. திரும்பி வந்து 'சொந்த மண்ணில்' 1–0, ஜெஜே கோல். அந்தச் சொந்த மண் எது தெரியுமா? அகமதாபாத். சென்னை அணியின் ஹோம் ஆட்டம், எதிரணி பாக் ஜலசந்திக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஆட்டமோ சபர்மதிக் கரையில். கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். சென்னையில் பெரியமேட்டு மைதானத்தில் நடந்திருந்தால் இலங்கையிலிருந்தே ரசிகர்கள் வந்திருப்பார்கள். நாங்கள் போன் திரையில் பார்த்தோம். திரையில் தெரிந்த காலி நாற்காலிகளை எண்ணிக்கொண்டே பார்த்தோம் என்று சொன்னால் மிகையில்லை. அப்படியும் அந்த அணி குரூப்பில் அபஹானி டாக்காவுக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்தது. சொந்தக் கேலரி பின்னால் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மைதானம் ஏ.எஃப்.சி. கேட்கிற தரத்தில் இல்லை, அல்லது கிடைக்கவில்லை என்பதுதான் இதற்கெல்லாம் காரணமாகச் சொல்லப்படுகிறது. விளக்கு வெளிச்சம், உடைமாற்றும் அறை, ஊக்கமருந்துப் பரிசோதனைக்குத் தனி அறை, செய்தியாளர்களுக்கு இடம், நாற்காலிகள் என்று பட்டியல் நீளம். நியாயமான பட்டியல்தான். ஆனால் அணி தகுதி பெற்ற பிறகு மைதானத்தை ஆராயப் போவது, பெண்ணுக்கு நிச்சயம் முடிந்தபின் மண்டபம் தேடக் கிளம்புவது மாதிரி. லீக்கில் ஆடும் ஒவ்வொரு மைதானமும் ஆசியப் பட்டியலில் எந்த அம்சத்தில் தேறுகிறது, எதில் தேறவில்லை என்று சீசன் தொடங்கும் முன்பே உங்களால் சொல்ல முடியும். சொன்னால், அந்தந்த ஊர்க்காரர்கள் அந்தந்த மாநில அரசைப் பிடித்து உலுக்க ஒரு காகிதமாவது கையில் இருக்கும்.

மைதானத்தைத் தாண்டி இன்னொரு சம்பவம் இருக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் அடங்குவதில்லை. 2022 ஆகஸ்ட். இந்தியப் பெண்கள் லீக்கில் சாம்பியனான கோகுலம் கேரளா, ஆசியப் பெண்கள் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்தது. உஸ்பெகிஸ்தானின் கர்ஷி நகரில் ஆட்டம். அவர்கள் அங்கே இருக்கும்போதே, வெளியார் தலையீடு என்று சொல்லி, ஃபிஃபா நம் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. சம்மேளனத்துக்குத் தடை என்றால் அதன் கீழிருக்கும் எந்தக் கிளப்பும் வெளிநாட்டில் ஆட முடியாது. பூட்ஸ் பையோடு ஹோட்டலில் காத்திருந்த அந்தப் பெண்கள் ஒரு பந்தைக்கூடத் தொடாமல் திரும்பி வந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் தடை நீங்கியது. அடுத்த மாதம் ஏ.டி.கே. மோகன் பகானின் ஆண்கள் அணி தன் ஏ.எஃப்.சி. கப் ஆட்டத்தை ஆடிவிட்டது. பெண்களின் ஆட்டத் தேதிகள்தான் போய்விட்டன. அந்தப் பெண்கள் தகுதி பெறுவதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. லீக் ஆடினார்கள், ஜெயித்தார்கள், விசா எடுத்தார்கள், விமானம் ஏறினார்கள். கோளாறு முழுவதும் மேஜையில். அன்று பொறுப்பில் இருந்தவர்கள் வேறு, இன்று இருப்பவர்கள் வேறு என்பது எனக்குத் தெரியும். நாற்காலி அதேதான்.

பெண்கள் என்றதும் மதுரை சேது எஃப்.சி.யைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்த அணி அது. அந்த வருஷம் ஏ.எஃப்.சி. பெண்களுக்காகச் சோதனை முறையில் நடத்திய முதல் கிளப் போட்டியில் ஜப்பான், கொரியா, சீனா, ஆஸ்திரேலியா என நான்கே நாட்டு அணிகள். ஒரு வருஷம் தாமதமாகச் சாம்பியன் ஆகியிருந்தால் மதுரைப் பெண்கள் ஜோர்டானின் அகாபாவில் ஆடியிருப்பார்கள். இது யார் தப்பும் இல்லை, நேரம். இப்போது அந்த வாசல் நன்றாகவே திறந்திருக்கிறது. 2025-இல் ஈஸ்ட் பெங்கால் பெண்கள் நோம் பென்னில் தகுதிச் சுற்றைத் தாண்டி, வூஹானில் ஈரானின் பாம் காத்தூனை 3–1 என்று வென்றதைப் பார்த்தபோது, ஆண்கள் பக்கத்தைவிடப் பெண்கள் பக்கத்தில் பாதை தெளிவாக இருக்கிறதே என்று தோன்றியது. லீக்கை ஜெயி, தகுதிச் சுற்றுக்குப் போ. அவ்வளவுதான். ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

ஆண்கள் பக்கம் அப்படி ஒரு வரியில் சொல்ல முடிகிறதா? முயன்று பார்க்கிறேன். 2024-இலிருந்து ஆசியாவில் மூன்று மாடி. மேலே சாம்பியன்ஸ் லீக் எலைட், நடுவில் சாம்பியன்ஸ் லீக் டூ, கீழே சேலஞ்ச் லீக். எந்த நாட்டுக்கு எந்த மாடியில் எத்தனை இடம் என்பதை அந்த நாட்டுக் கிளப்கள் சில ஆண்டுகளாகச் சேர்த்த புள்ளிகள் முடிவு செய்கின்றன. மேல் மாடியில் நமக்கு இடம் இல்லை. 2024–25, 2025–26 சீசன்களில் லீக் ஷீல்டை (ஐ.எஸ்.எல். புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான பரிசு) வென்றவர் நடு மாடியின் குரூப் சுற்றுக்குப் போனார், சூப்பர் கப்பை (லீக்குக்கு வெளியே நடக்கும் நாட்டுக் கோப்பைப் போட்டி) வென்றவர் அதே மாடியின் பிளே-ஆஃபுக்கு, அதில் தோற்றால் சில சமயம் கீழ் மாடிக்கு. 2024 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்கால் துர்க்மெனிஸ்தானின் அல்தின் அசிரிடம் 2–3 என்று தோற்றுக் கீழே இறங்கியது அப்படித்தான். 2025 ஆகஸ்டில் எஃப்.சி. கோவா ஓமானின் அல்-சீபை 2–1 என்று வென்று உள்ளே போனதும் அதே கதவு வழியாகத்தான். அந்த ஜெயத்தால்தான் சவூதியின் அல்-நஸ்ர் கோவாவின் ஃபதோர்தாவுக்கு வந்து ஆடியது. அந்த அணியின் ரொனால்டோ வரவில்லை, அது வேறு துக்கம்.

இதில் ஐ-லீக் சாம்பியன் எங்கே? ஐ.எஸ்.எல்.-க்கு ஏறலாம், ஆசியாவுக்கு அந்தப் பட்டத்தால் போக முடியாது. 2022 மே மாதம் ஏ.எஃப்.சி. கப்பில் கோகுலம் கேரளா, ஐ-லீக் சாம்பியனாகப் போய், கொல்கத்தாவில் ஏ.டி.கே. மோகன் பகானை 4–2 என்று அடித்ததை இத்தனை சீக்கிரம் மறந்துவிட்டோமா? இரண்டாம் நிலை அணிகளுக்குச் சூப்பர் கப் ஒன்றுதான் மிச்சமிருக்கும் சந்து. அந்தச் சந்தையாவது அகலப்படுத்துங்கள் என்பது என் வேண்டுகோள்.

அடுத்தது ஆட்ட எண்ணிக்கை. ஆசிய இடத்துக்கு உரிமை கோரும் அணி ஒரு சீசனில் லீக்கும் கோப்பையுமாகக் குறைந்தது 24 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று ஏ.எஃப்.சி. எதிர்பார்க்கிறது. 2025 ஜூலையில் ஒப்பந்தத் தகராறில் ஐ.எஸ்.எல். நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு 2026 பிப்ரவரியில் தொடங்கிய சுருங்கிய லீக்கில் ஒரு அணிக்கு 13 ஆட்டம். அதற்கு முன் கோவாவில் நடந்த சூப்பர் கப்பில் குரூப் ஆட்டம் மூன்று. ஆக 16. அந்தக் கோப்பையை வென்ற எஃப்.சி. கோவாவுக்கே அரையிறுதி, இறுதி சேர்த்து 18. இதைக் கூட்டிப் பார்க்க வரவு செலவு அதிகாரி தேவையில்லை, மளிகைக் கடைக் கணக்கு தெரிந்தால் போதும். 24-க்கு ஆறு குறைகிறது. சாம்பியன் என்ன ஆட்டம் ஆடினாலும் அந்த ஆறை அவன் காலால் ஈடுகட்ட முடியாது. அந்த ஆறு ஆட்டத்தை அட்டவணையில் போட்டிருக்க வேண்டியது நீங்கள்.

மோகன் பகான் விஷயத்தையும் தொடாமல் போக முடியாது. 2024 அக்டோபரில் தப்ரீசில் டிராக்டர் அணியோடு ஆட்டம். ஈரான் இஸ்ரேல் மேல் ஏவுகணை வீசிய வாரம் அது. அவர்கள் போகவில்லை. போட்டியிலிருந்து விலகியதாக ஏ.எஃப்.சி. எடுத்துக்கொண்டது. 2025 செப்டம்பரில் மறுபடியும், இந்த முறை இஸ்ஃபகான், செபஹான் அணி. மறுபடியும் போகவில்லை, மறுபடியும் அதே முடிவு. ஆட்டக்காரர்களின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். முதல் தடவை நானாக இருந்தாலும் விமானம் ஏறியிருக்க மாட்டேன். ஆனால் ஒரு கிளப் விலகினால் நஷ்டம் அந்தக் கிளப்போடு நிற்பதில்லை. அது சேர்த்திருக்கக்கூடிய புள்ளிகள் நாட்டுக் கணக்கிலும் வராமல் போகின்றன. நாளைக்குச் சூப்பர் கப்பை ஜெயிக்கப்போகும் வேறொரு அணி எந்தப் படியில் நின்று தொடங்கும் என்பது அந்தக் கணக்கைப் பொறுத்தது. குரூப் பிரிப்பு முடிந்த நாளே ஈரான் ஆட்டம் வரும் என்று தெரியும். அன்றைக்கே ஏ.எஃப்.சி.யோடும் வெளியுறவு அமைச்சகத்தோடும் உட்கார்ந்து பேச வேண்டியது கிளப் மட்டும்தானா?

நம்மால் முடியாது என்பதல்ல பிரச்சினை. பெங்களூரு 2016-இல் நடப்புச் சாம்பியனான மலேசியாவின் ஜோகூரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏ.எஃப்.சி. கப் இறுதிவரை போனது. தோஹாவில் ஈராக்கின் விமானப்படை அணியிடம் ஒரே கோலில் தோற்றது. 2022 ஏப்ரலில் ரியாத்தில் மும்பை சிட்டி அதே விமானப்படை அணியை 2–1 என்று வென்று, சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றில் ஜெயித்த முதல் இந்திய அணி ஆனது. குரூப்பில் இரண்டாம் இடம், 7 புள்ளி. ராகுல் பேக்கே தலையால் முட்டிய அந்தக் கோலை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அடுத்து என்ன நடந்தது? ஏ.எஃப்.சி. தன் காலண்டரை மாற்றியது, இரண்டு சீசன் ஒன்றாகச் சேர்ந்தது, ஒரு இடத்துக்கு இரண்டு ஷீல்டு அணிகள். 2023 ஏப்ரலில் கேரளத்தின் மஞ்சேரியில் மும்பையும் ஜாம்ஷெட்பூரும் மோதித் தீர்த்துக்கொண்டார்கள், 3–1. காலண்டர் மாற்றம் உங்கள் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஆட்டம் வைத்து முடிவு செய்தது சரியான தீர்வு என்றும் நினைக்கிறேன். ஆனால் 2022-இல் ஷீல்டை வென்ற நாளில் ஜாம்ஷெட்பூர் ரசிகனிடம் போய் "இது பாதிதான், மீதிக்கு அடுத்த வருஷம் மஞ்சேரிக்கு வா" என்று யாராவது சொல்லியிருந்தால் அவன் சிரித்திருப்பான்.

ஆக, நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு சீசனும் முதல் விசில் ஊதும் முன் ஒரே ஒரு பக்கம் வெளியிடுங்கள். எந்தப் பட்டத்துக்கு எந்த மாடியில் எந்தச் சுற்று. ஒரே அணி இரண்டு பட்டமும் வாங்கினால் இரண்டாவது இடம் யாருக்கு. ஆசியாவில் ஆடக் கிளப்புக்கு வேண்டிய லைசென்ஸ் கிடைக்காவிட்டால் அடுத்து யார். 24 ஆட்டம் எங்கிருந்து வரும். கோழிக்கோட்டில் மலையாளத்தில், கொல்கத்தாவில் வங்காளத்தில், இங்கே தமிழில் இருக்கட்டும். சீசன் முடியும்வரை அதில் ஒரு வரியும் மாறக் கூடாது. மாற்றம் வெளியிலிருந்து வந்தால் வந்த வாரமே சொல்லிவிடுங்கள். 2022-இல் உங்கள் தலைவரான கல்யாண் சௌபேயே கோல்கீப்பராக இருந்தவர். ஆட்டத்தின் நடுவில் யாராவது கோல்கம்பத்தை நகர்த்தினால் எப்படி இருக்கும் என்று அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கூடவே மைதானப் பட்டியலையும் கேட்கிறேன். சென்னை சிட்டி இன்று ஐ-லீக்கில் இல்லை. ஆனால் கோவை நேரு ஸ்டேடியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. காலையில் ஓடுகிறவர்கள் ஓடுகிறார்கள், சாயங்காலம் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். ஆசிய ஆட்டம் நடத்த அங்கே என்னென்ன குறை என்று உங்கள் ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். விளக்கா, நாற்காலியா, உடைமாற்றும் அறையா, எதுவானாலும் சரி. எழுதிக் கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு பொறுப்பானவர்களின் அலுவலகத்துக்கு நடக்க நாங்கள் நாலு பேர் தயாராக இருக்கிறோம். அந்தப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கிழக்குக் கேலரியில் உட்காரும் ஒரு கோவை ரசிகன்